ஊட்டினதெல்லாம் எங்கே போயிற்று

"ஊட்டினதெல்லாம் எங்கே போயிற்று?"

சேந்தன் வந்ததும் கேட்டது இதுதான். வணக்கம் சொல்லவில்லை. நீட்டிய தண்ணீரையும் வாங்கவில்லை.

கொற்றி அம்மை அவரைவிட வயதில் இளையவர். நாரைகள் கூடு கட்டும் ஏரிக்கரையில் குடிசை போட்டு இருந்தார். மனம் ஆறாதவர்கள் அவரைத் தேடி வருவார்கள்.

"யாருக்கு ஊட்டினீர்கள்?"

"என் மகளுக்கு."

"பெயர் என்ன?"

"நங்கை."

பிறந்ததிலிருந்தே படுக்கை. தாய் இல்லை. பாலும் கஞ்சியும் குழைத்த சோறும் அவர்தான் ஊட்டினார். பத்து வயதிலும் நங்கை ஐந்து வயதுப் பிள்ளை அளவுதான் இருந்தாள். ஆடி மாதம் கண்ணை மூடிவிட்டாள்.

"அவ்வளவும் ஒரு கன்றுக்குட்டிக்குப் போட்டிருந்தால் காளையாகி நின்றிருக்கும், தாயே. என் பிள்ளையை நான் ஒரு கையிலேயே தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தேன். அத்தனை சோறும் எங்கே போயிற்று? ஓட்டைப் பானையில் ஊற்றினாய் என்கிறார்கள் ஊரில்."

அம்மை எழுந்து குடிசைக்குள் போனார். ஒரு நாரைக் குஞ்சைக் கொண்டுவந்து சேந்தன் மடியில் வைத்தார். காற்றில் கூட்டோடு விழுந்த குஞ்சு. உடம்பில் இன்னும் இறகு மூடவில்லை.

"இதற்கு மீன் வேண்டும். பிடித்துக் கொடுங்கள்."

"நான் கேட்டதற்கு..."

"முதலில் இதற்குப் பசி."

சேந்தனுக்குக் கோபம் வந்தது. எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தார்.

குஞ்சு அவரைப் பார்த்து வாயைத் திறந்தது.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினார்.

*

நாள்கள் போயின. விடிந்ததும் ஏரிக்குப் போவார். பொடிமீனைக் கூடையில் அள்ளி வருவார். குஞ்சு விழுங்கும். மறுபடியும் வாயைத் திறக்கும்.

ஒருநாள் கூடையைப் பொத்தென்று கீழே வைத்தார்.

"எனக்குப் புரியவில்லை, தாயே."

"என்ன?"

"ஏரி முழுக்கப் பாசி. அதைத் தின்கிற பூச்சிகளை வழித்தெடுத்தால் ஒரு மூலைக்குக் காணாது. பூச்சியைத் தின்கிற மீன் அதைவிடக் குறைவு. நாள் முழுக்க அலைந்து ஒரு கூடை கொண்டுவருகிறேன். அதையும் விழுங்கிவிட்டு இந்தக் குஞ்சு ஒரு விரற்கடை வளர்கிறதா என்றால், இல்லை."

"ஆமாம்."

"ஒவ்வொரு வாயிலும் பெரும்பங்கு காணாமல் போகிறது."

"ஆமாம்."

"எங்கே போகிறது?"

அம்மை கூடையில் துள்ளிய ஒரு மீனை எடுத்துக் குஞ்சுக்குக் கொடுத்தார்.

"பாசி எதைத் தின்கிறது, ஐயா?"

சேந்தன் ஏரியைப் பார்த்தார். கண் கூசியது.

"வெயிலைத்தான்."

"அது நாளைக்கும் வரும். நீங்களும் நாளைக்குப் போய் மீன் பிடியுங்கள்."

*

அடுத்த நாள் வெயில் வரவில்லை. மழை வந்தது. நிற்காமல் பெய்தது. ஏரி கலங்கிப் பெருகியது. மீன் அகப்படவில்லை. விறகெல்லாம் நனைந்து அடுப்பு அணைந்தது.

குஞ்சு தலையைத் தொங்கப்போட்டது. சேந்தன் தொட்டுப் பார்த்தார். உடம்பு சில்லிட்டிருந்தது.

"தாயே, இது போய்விடும்போல் இருக்கிறது."

"இன்னும் போகவில்லை."

"இதையுமா நான்..."

கூடையை எடுத்துக்கொண்டு மழையில் ஓடினார்.

இடுப்பளவு தண்ணீரில், கோரைக்கு நடுவே கையை விட்டுத் துழாவினார். உச்சிப்பொழுது தாண்டி, கைக்கு அடங்கும் அளவு மீனோடு திரும்பி வந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

குஞ்சின் அலகைப் பிரித்தார். மீனைத் தொண்டைக்குள் இறக்கி, கழுத்தை மெல்ல நீவிவிட்டார். ஒன்று. இன்னொன்று. பிறகு குஞ்சை நெஞ்சோடு அணைத்துத் துணியால் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

நங்கைக்குக் கஞ்சி இறங்காத நாளில் இப்படித்தான் நீவிவிடுவார்.

மழை கூரையில் கொட்டிக்கொண்டே இருந்தது. அவருக்குப் பல் கிட்டியது. குஞ்சு அசையவில்லை.

வெகுநேரம் கழித்து அவர் தலை நிமிர்ந்தார்.

"தாயே."

"சொல்லுங்கள்."

"இது சுடுகிறது."

அம்மை அருகே வந்து துணிக்குள் கையை வைத்துப் பார்த்தார்.

"ஆமாம், சுடுகிறது."

"எனக்குக்கூடக் குளிர் விட்டுவிட்டது. அடுப்பே இல்லையே. நான் கொடுத்தது இத்துனூண்டு மீன்தானே, அதிலா இவ்வளவு சூடு..."

நெஞ்சில் கிடந்த குஞ்சை அவர் குனிந்து பார்த்தபடியே இருந்தார்.

"நங்கை என் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவாள்" என்றார் மெதுவாக. "மார்கழிப் பனியில் ஊரே நடுங்கும். அந்தக் கை ஒருநாளும் சில்லென்று இருந்ததில்லை."

ஆடிக்குப் பிறகு அன்றுதான் அவருக்கு அழுகை வந்தது. அம்மை பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் அவருடைய ஈரத்தலையைத் துவட்டிவிட்டார்.

துணிக்குள்ளிருந்து ஒரு அலகு வெளியே வந்தது. திறந்தது.

"பசிக்கிறதாம்" என்றார் அம்மை.

சேந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குஞ்சை அம்மையின் மடியில் விட்டுவிட்டு மழையில் இறங்கினார்.