மேசைக்கடியில் போன தராசு

சுவிஸ் மலைக் கிராமம் ஒன்றில் ஒரு பெண்ணின் கால் உடைந்தது. உடைத்தது யார் என்பதுதான் கேள்வி. விடை வரும்வரை யாருடைய கை எதைத் தொடுகிறது என்று கவனித்துக்கொண்டே வாருங்கள். கால்களையும் விட்டுவிடாதீர்கள்.

பனிச்சறுக்குச் சாமான்களை வாடகைக்குக் கொடுக்கும் கடை அங்கே நிலத்துக்குக் கீழே இருந்தது. பதினொரு வருடமாக அதில் வேலை செய்தாள் தவமலர். யாழ்ப்பாணத்துக்காரி. ஊர் பேர் தெரியாதவர்கள் கழற்றிப் போட்ட சப்பாத்துகளுக்குள் கைவிட்டு ஈர உள்ளுறையை உருவி எடுப்பது அவள் வேலை. நூறு பேரின் வியர்வை ஒன்றாய்ப் புளித்த வாடை. எத்தனை சவர்க்காரம் போட்டாலும் சாப்பிடும்போது விரலிலிருந்து எழுந்து வரும். அருவருப்பு அவளுக்குப் பழகவேயில்லை.

பூட்டு வைக்கிற வேலை மட்டும் பிடிக்கும். சப்பாத்தைப் பனிச்சறுக்குப் பலகையோடு பிடித்துவைக்கும் பூட்டில் முன்னும் பின்னுமாக இரண்டு திருகாணிகள், பக்கத்தில் சின்ன இலக்கங்கள். ஆளின் நிறை, உயரம், பழக்கம், சப்பாத்தின் நீளம் எல்லாம் பார்த்து இலக்கம் வைக்கவேண்டும். குறைத்து வைத்தால் பலகை சும்மா சும்மா கழன்றுபோகும். கூட்டி வைத்தால் விழும்போதும் கழலாது. பலகை முறுகினால் காலும் சேர்ந்து முறுகும். அதனால்தான் வாசலில் ஒரு தராசு. வாயால் சொன்ன நிறையை எழுதாதே, ஏற்றிப் பார் என்பது முதலாளி போட்ட விதி.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை ஆரணி வந்தாள். உயரமான, வாட்டசாட்டமான பெண். கூடவே அவளுக்குப் பேசியிருந்த கீர்த்தனன், அவனுடைய தாய் யோகமணி. கலியாணம் இன்னும் முடிவாகவில்லை. பழகிப் பார்க்கட்டும் என்று மலைக்கு வந்திருந்தார்கள். யோகமணி மூக்கைக் கடதாசியால் பொத்திக்கொண்டு, மாடு வாங்க வந்தவள்போலப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள்.

"நிறை எழுதவேணுமோ? எங்கட வீட்டுப் பெண்டுகள் ஒருத்தரும் அறுபதைத் தாண்டினதில்லை. நீ என்ன பிள்ளை, ஒரு அம்பது வருவியே?"

"அம்பத்திரண்டு, மாமி" என்றாள் ஆரணி. அப்படியே படிவத்தில் எழுதினாள்.

அறுபத்தெட்டுக்குக் குறையாது என்று தவமலருக்குப் பார்த்தவுடனேயே தெரிந்தது. ஆரணியின் கண் தராசுக்குப் போய், அங்கிருந்து தவமலரிடம் வந்தது. சந்தையில் நிற்கிற ஒரு பிள்ளையைத் தராசிலும் ஏற்றுவதா? தவமலர் காலால் தராசை மெல்ல மேசைக்கடியில் தள்ளினாள். ஐந்து வைக்கவேண்டிய பூட்டில் மூன்றரை வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

மத்தியானம் கீர்த்தனன் திரும்பி வந்தான். பின்னால் யோகமணி.

"அன்ரி, உங்கட சாமான் சரியில்லை. பலகை நாலு தரம் கழண்டிட்டுது."

"பிள்ளைக்கு அடிபட்டதோ தம்பி?"

"இல்லை. அம்மாவுக்குத்தான் வெக்கமாப் போச்சு. ஏன் அன்ரி கழலுது?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. யோகமணி காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

"சப்பாத்துக்கு அடியில பனி கட்டியிருக்கும். சுரண்டிப்போட்டு மாட்டச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகும் கழண்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

மூன்று மணிக்கு ஆரணியைத் தூக்குப்படுக்கையில் கொண்டுவந்து கடை வாசலில் இறக்கினார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாய்ப் போயிருந்தது. பலகை காலை விடவேயில்லை. தவமலர் பூட்டைப் பார்த்தாள். முன்னும் பின்னும் ஒன்பது. திருகாணிகளின் தலையில் புதுக் கீறல்கள் பளபளத்தன.

"சுரண்டிப் பாத்தம், அதுக்குப் பிறகும் கழண்டது" என்றான் கீர்த்தனன். கையில் பேனாக்கத்தி. "இவ விழக்கூடாது எண்டுதான் நான் இறுக்கினன்."

"நீ வாயை மூடு" என்றாள் யோகமணி. "கடைக்காரி பிழையாப் பூட்டித் தந்தவ எண்டு எழுதிக் குடு. நொண்டிப் பிள்ளையை நாங்கள் என்ன செய்யிறது?"

தவமலருக்கு அந்த வாடை மறுபடி அடித்தது. இந்த முறை அது சப்பாத்திலிருந்து வரவில்லை.

நடந்ததை எழுதித் தரும்படி முதலாளி ஒரு தாளை வைத்தார். கடையின் பிழை என்றால் அவளுக்கு வேலை இல்லை. தப்ப வழியும் அவள் கையிலேயே இருந்தது: ஆரணி தன் கையால் எழுதிய ஐம்பத்திரண்டு, கீர்த்தனனின் கத்தி போட்ட கீறல்.

ஆரணி பொய் எழுதினாள். கீர்த்தனன் இறுக்கினான். தவமலர் தராசைத் தள்ளினாள். இந்த மூவரில் அந்தக் காலை உடைத்தவர் யார்?

விடை: நிறை தெரிந்த ஆரணிக்குத் திருகாணி தெரியாது. திருகாணியைத் தொட்ட கீர்த்தனனுக்கு நிறை தெரியாது. தெரியாததைத்தான் அவன் கடைக்கு வந்து கேட்டான். இரண்டும் தெரிந்தவள் ஒருத்தி. அவள் பனியைச் சுரண்டச் சொல்லி அனுப்பினாள். யோகமணியின் நாக்குக்குப் படிவத்தில் இடமில்லை. தவமலர் தாளில் இரண்டு வரி எழுதினாள்: "நிறை பொய் என்று எனக்குத் தெரியும். கேட்டபோதும் சொல்லவில்லை." மறுநாள் காலை தராசு வாசலுக்குத் திரும்பியிருந்தது. தவமலர் திரும்பவில்லை.