பேர்போன மிளகாய்

முதலில் வம்புக்கு வந்தது மளிகை வியாபாரி மயிலேறிதான். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். உக்கிராணக்காரர் தெய்வச்சிலை தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன். அரண்மனைச் சமையலுக்கு வேண்டிய பருப்பும் மிளகாயும் மல்லியும் உக்கிராணத்தில் இருக்கும். அதன் சாவி முப்பது வருஷமாக அவர் இடுப்பில் இருந்தது.

அன்றைக்கு ராஜா அழகேந்திரரின் பிறந்தநாள் விருந்து. சபை முழுக்கப் பந்தியில் உட்கார்ந்திருந்தது. மயிலேறி ஒரு வாய் குழம்புச் சோற்றை எடுத்து வாயில் போட்டார். முகத்தைச் சுளித்தார்.

"இது உக்கிராணத்துச் சரக்கா?"

"ஆமாம் ஐயா. அரண்மனை நிலத்தில் விளைந்தது" என்றார் பந்தியைக் கவனித்துக்கொண்டு நின்ற தெய்வச்சிலை.

"அதானே பார்த்தேன். பேரில்லாத சாக்கு. பேரில்லாத மிளகாய். அளந்து போடுகிற ஆளும் அதே ரகம்."

பந்தியே சிரித்தது. ராஜாவும் சிரித்தார். தெய்வச்சிலை மட்டும் யார் யார் சிரித்தார்கள் என்று வரிசையாகப் பார்த்து வைத்துக்கொண்டார்.

மயிலேறியின் சரக்கு என்ன வானத்திலிருந்தா குதித்தது? அதே அரண்மனை நிலத்து மிளகாய்தான். உக்கிராணத்துக்கு அளந்தது போக மிச்சத்தை அவருடைய ஆட்கள் வாங்கிப்போவார்கள். புதுச் சாக்கில் போட்டு, மேலே ஒரு மயில் படம் வரைந்து, கீழே சிவப்பு எழுத்தில் 'மயிலேறி' என்று எழுதுவார்கள். உடனே விலை மூன்று மடங்காகிவிடும். ஊருக்கும் அந்தச் சாக்கின் மேல் ஒரு கிறுக்கு. வாங்க வசதியில்லாதவர்கள் காலிச் சாக்கையாவது கேட்டு வாங்கி வந்து, பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி மடித்து வைப்பார்கள்.

அந்தக் கிறுக்கு ராஜாவுக்கும் ஒட்டிக்கொண்டது. மறுநாள் சபையில் சொன்னார்:

"ஓய் தெய்வச்சிலை, இனி நம் சமையலுக்குப் பேர்போன சரக்குதான் வரவேண்டும். எட்டு நாள் தருகிறேன். முடியாவிட்டால் சாவியை மயிலேறியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடும்."

"மூன்று மடங்கு விலையாச்சே மகாராஜா. கஜானாவிலிருந்து ஏதாவது..."

"ஒரு காசுகூடக் கூடுதலாகக் கிடையாது."

மயிலேறி மீசையைத் தடவினார். "என்ன ஓய், சாவியை இப்போதே அவிழ்க்கிறீரா? இல்லை, எட்டு நாள் சுமந்துவிட்டு அவிழ்க்கிறீரா?"

தெய்வச்சிலை அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. ராஜாவைக் கும்பிட்டார். "உத்தரவை அப்படியே ஓலையில் எழுதிக் கொடுக்கச் சொல்லணும் மகாராஜா. வயசாச்சு, மறந்துபோகும்."

அவராவது மறக்கிறதாவது. பத்து வருஷத்துக்கு முன்னால் தேரோட்டத்தில் உம் காலை மிதித்தது யார் என்று கேட்டால், எந்தக் காலால் மிதித்தான் என்பதையும் சேர்த்துச் சொல்கிற ஆள். ஓலையை வாங்கி மடியில் செருகிக்கொண்டு போனார்.

எட்டாம் நாள் மறுபடியும் பந்தி. ராஜா ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

"இதுவல்லவா குழம்பு. மயிலேறி, நீர் என்ன சொல்கிறீர்?"

மயிலேறி இரண்டாம் தடவை ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நான் என்ன சொல்ல, மகாராஜா? நாக்கில் பட்டதுமே மிளகாயே என் பேரைச் சொல்கிறதே."

"உங்கள் மிளகாய்தானா? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள் ஐயா" என்றார் தெய்வச்சிலை.

"பெற்ற பிள்ளையை எனக்கு அடையாளம் தெரியாதா?"

"உங்கள் கடையில் நான் ஒரு படி மிளகாயாவது வாங்கினேனா?"

மயிலேறியின் கை இலையிலேயே நின்றது. யோசித்துப் பார்த்தார். ஒரு படிகூட விற்கவில்லை. "அப்படியானால் திருடியிருக்கிறீர்" என்றார்.

ராஜாவின் முகம் மாறியது. "என்ன ஓய் இது? மூட்டைகளைக் கொண்டுவாரும்."

மூட்டைகள் வந்தன. எல்லாம் உக்கிராணத்துப் பழைய சாக்குகள். ஒவ்வொன்றின் நடுவிலும் எதையோ துடைத்த கறை மட்டும் இருந்தது.

"இது நம்முடைய சாக்கு. பேர்போன சரக்கு எங்கே?" என்று கேட்டார் ராஜா.

"இதுதான் மகாராஜா. உள்ளே இருப்பது எப்போதும் போடுகிற உக்கிராணத்து மிளகாய்தான். நான் செய்தது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு சாக்கிலும் கரியால் ஒரு பேரை எழுதினேன். ஈரத்துணியால் துடைத்தேன். பேர் போய்விட்டது." தெய்வச்சிலை மடியிலிருந்து ஓலையை எடுத்து நீட்டினார். "பேர்போன சரக்கு என்றுதானே இதில் எழுதியிருக்கிறது?"

பந்தியில் ஒருவருக்குப் புரையேறியது. மயிலேறி பாதி எழுந்துவிட்டார். "என் பேரை எழுதித் துடைத்தீரா? சும்மா விடமாட்டேன், ஆமாம்."

"உங்கள் பேரை நான் ஏன் தொடுகிறேன் ஐயா?"

"பிறகு யார் பேரை எழுதினீர்?" என்றார் ராஜா.

"என் பேரைத்தான் மகாராஜா. போன விருந்தில், இதே பந்தியில், போனது அது ஒன்றுதானே."

ராஜா சிரிக்க ஆரம்பித்தார். அன்றைக்குத் தானும் சிரித்தது ஞாபகம் வந்து, நடுவில் நிறுத்தி இருமினார். பிறகு அடக்க முடியாமல் இலை நகர்கிற அளவுக்குச் சிரித்தார். தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துத் தெய்வச்சிலைக்குப் போர்த்தினார். "சாவி உம் இடுப்பிலேயே இருக்கட்டும் ஓய்."

தெய்வச்சிலை கும்பிட்டார். ஆனால் நகரவில்லை. கழுத்தை நீட்டி முற்றத்துப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாவியும் உம்முடையது, சால்வையும் போட்டாயிற்று. இன்னும் யாரைத் தேடுகிறீர்?"

"சால்வை தாங்கள் கொடுத்தது மகாராஜா. என் பேரை எடுத்தவர் அல்லவா அதைத் திருப்பிக் கொடுக்கணும்? இதே சபையில், இதே வாயால். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று இப்போதுதான் எழுந்து போனார்."

இலைகளை எடுத்தார்கள். பந்தி கலைந்தது. மயிலேறி இன்னும் கை கழுவிக்கொண்டுதான் இருக்கிறார்.