கண் மூடாத இருவர்

"ஜெபிப்போம்" என்று போதகர் சொன்னதும் அந்தக் கோயிலில் முந்நூறு பேர் கண்களை மூடுவார்கள். இருவர் மட்டும் மூட மாட்டார்கள்.

ஒருவர் முன்வரிசைப் பெஞ்சில் இருக்கும் பாக்கியமுத்து வாத்தியார். பிறவியிலேயே காது கேளாதவர். கேளாதோர் பள்ளியில் தச்சு வேலை கற்பித்து ஓய்வு பெற்றவர்.

இன்னொருத்தி அவருக்கு எதிரே தூணருகில் நிற்கும் சுகிர்தா. அதே பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். கோயிலில் சொல்லப்படும் எல்லாவற்றையும் கைகளால் அவருக்குச் சொல்வாள். பாட்டு, பிரசங்கம், ஜெபம், கல்யாண அறிவிப்பு, யாருடைய ஸ்கூட்டரோ வழியை மறித்து நிற்கிறது என்பதுவரை. அந்தச் சைகை மொழியை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவரே வாத்தியார்தான்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் அவள் தூணருகில் போய் நின்றபோது அந்தப் பெஞ்சில் காது கேளாதவர்கள் பதினொரு பேர் இருந்தார்கள். சிலர் இறந்துவிட்டார்கள். சிலர் வேலை தேடி வெளியூர் போனார்கள். இப்போது வாத்தியார் மட்டும்தான்.

ஒரு சனிக்கிழமை பிற்பகலில் சுகிர்தா அவர் வீட்டுக்குப் போனாள். அவர் முற்றத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"நாளையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று இருக்கிறேன், சார்" என்று கைகளால் சொன்னாள்.

"கை வலியா?"

"இல்லை."

"பிரசங்கமா?" மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளுவதுபோல் காட்டினார். போதகருக்கு அவர் வைத்திருந்த பெயர் அது. "அது எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது."

அவள் சிரிக்கவில்லை.

"பத்தொன்பது வருஷமாக நான் கோயிலில் கண்ணை மூடி ஜெபித்ததில்லை. ஊரார் ஜெபத்தையெல்லாம் கையில் வாங்கி உங்களிடம் கொடுக்கிறேன். அம்மா இறந்த வாரமும் அப்படித்தான். எனக்காக எல்லோரும் ஜெபித்தார்கள். அதையும் நான்தான் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன்."

"வீட்டில்?"

"முழங்காலில் நின்றால் கை அசையத் தொடங்கிவிடுகிறது. எனக்கென்று ஒரு வார்த்தை வருவதில்லை. உள்ளே வறண்டுபோய்விட்டது, சார்."

அவர் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினொரு பேருக்காகக் கர்த்தர் என்னை அழைத்தார் என்றால் சரி. ஒருவருக்காகவுமா? அழைப்பு முடிந்துவிட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?"

வாத்தியார் முறத்தை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கடலையை உரித்தார். கைகளில் வேலை இருக்கும்வரை அவர் பேச முடியாது. சுகிர்தா காத்திருந்தாள். கடைசிக் கடலையையும் உரித்த பிறகு அவர் நிமிர்ந்தார்.

"நாளை நீண்ட ஜெபம் வரும்போது என் பக்கத்தில் வந்து உட்கார். கண்ணை மூடு. உனக்காக ஜெபித்துக்கொள். அதன் பிறகு போதகரிடம் சொல்."

"நீங்கள் என்ன செய்வீர்கள்?"

"நானும் மூடிக்கொள்கிறேன்."

அவளுக்கு என்னவோ போலிருந்தது. கண்ணை மூடினால் அவருக்கு உலகத்தில் யாரும் இல்லை. சிறு வயதில் அந்தப் பயத்தில் தூங்கவே மாட்டேன் என்று எப்போதோ சொல்லியிருக்கிறார்.

உரித்த கடலையில் பாதியைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி அவள் கையில் கொடுத்தார்.

மறுநாள் ஆராதனைக்கு முன்னால் சுகிர்தா போதகரைப் பார்த்தாள்.

"ஐயா, ஆராதனை முடிஞ்சதும் ஒரு விஷயம் சொல்லணும்."

"நல்ல விஷயம்தானேம்மா?"

"சொல்லுதேன், ஐயா."

பிரசங்கம் நாற்பது நிமிஷம் நடந்தது. வழக்கம்போல் அவள் அதை இருபத்தைந்து நிமிஷமாகக் கொடுத்தாள். பிறகு போதகர், "ஜெபிப்போம்" என்றார். முந்நூறு பேர் கண்களை மூடினார்கள். சுகிர்தா தூணை விட்டு வந்து முன்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பின்னாலிருந்த சொர்ணம் அக்கா ஒரு கண்ணைத் திறந்து, "ஏளா, மயக்கமா வருதா?" என்று கிசுகிசுத்தாள். சுகிர்தா இல்லையென்று தலையசைத்தாள்.

வாத்தியார் அவளைப் பார்த்து ஒருமுறை தலையை ஆட்டினார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு கண்களை மூடினார்.

அவளும் மூடிக்கொண்டாள்.

போதகர் நோயாளிகளுக்காக ஜெபித்தார். மழைக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக, கடலில் இருப்பவர்களுக்காக. சுகிர்தா தனக்காக ஒரு வார்த்தையைத் தேடினாள். முதலில் அம்மாவின் முகம் வந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. வெகுநேரம் ஒன்றுமில்லை. கடைசியில் ஒரே ஒரு சொல் வந்தது. அது வாயில் வரவில்லை. வலது கை தானாக எழுந்தது. விரல்கள் முகவாயைத் தொட்டு முன்னே நீண்டன.

நன்றி.

அவள் கண்களைத் திறந்தாள். தன் கையைப் பார்த்தாள். இத்தனை வருஷம் மற்றவர்களுக்காக அவள் எத்தனையோ முறை காட்டிய சொல்தான் அது.

"ஆமென்" என்றார்கள் எல்லோரும். ஆர்மோனியம் தொடங்கியது. சபை எழுந்து நின்று பாடியது. வாத்தியார் மட்டும் எழவில்லை. ஜெபம் முடிந்தது அவருக்குத் தெரியாது. கண்களை மூடியபடியே இருந்தார். உதடுகளில் சிரிப்பு இருந்தது. தோள்கள் லேசாகக் குலுங்கின.

சுகிர்தா சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவர் தோளைத் தொட்டாள்.

அவர் கண்களைத் திறந்தார். நின்றுகொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார்.

"அதற்குள் முடிந்துவிட்டதா?"

"என்ன ஜெபித்தீர்கள், சார்?"

"புதிதாக ஒன்றுமில்லை. நீ எனக்குக் கொடுத்த ஜெபங்களை முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். முதல் வருஷம் முழுக்க நீ பரலோகத்தைத் தப்பாகவே காட்டினாய். நம் பிதா மாடியில் குடியிருந்தார்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏன் அப்போதே சொல்லவில்லை?"

"எதற்கு? பதினொரு பேரும் மேலே பார்த்துத்தானே ஜெபித்தோம். அதற்கு முன் எங்களுக்கு அவரை யாரும் காட்டியதே இல்லை."

போதகர் பாட்டுப் புத்தகத்துக்கு மேலாகத் தூணைப் பார்த்தார். பிறகு பெஞ்சைப் பார்த்தார்.

"போதகரிடம் நான் என்ன சொல்லட்டும், சார்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் இப்போதுதான் இரண்டாம் வருஷத்துக்கு வந்தேன். அதற்குள் நீ தட்டிவிட்டாய்."

சுகிர்தா எழுந்து தூணருகில் போய் நின்றாள். பாட்டு பாதிக்கு மேல் போயிருந்தது. அந்த இடத்திலிருந்தே தொடங்கினாள்.