முழுங்கிக் குழியின் தாகம்

பாறையெல்லாம் வெள்ளை, மன்னரின் கோபமெல்லாம் சிவப்பு. அப்படி ஒரு நாடு இருந்தது. பெயர் வெண்பாறை நாடு, மன்னர் பேரின்பராயர்.

அங்கே பூமிக்கடியில் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அதை அரித்து அரித்து, உள்ளே குகையும் பொந்துமாக ஆக்கியிருந்தது. ஊர் ஏரிக்கு மதகும் கிடையாது, வாய்க்காலும் கிடையாது. நடுவே ஒரு பெரிய துளை மட்டும்தான். மிஞ்சும் தண்ணீரை அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஜனங்கள் அதை 'முழுங்கிக் குழி' என்பார்கள்.

ஒரு கோடையில் மன்னர் தெப்பத்தில் உலாப் போனார். குழி தண்ணீரை இழுக்க இழுக்க, தெப்பம் தரை தட்டியது. மன்னர் முழங்கால் சேற்றில் இறங்கிக் கரையேறினார். தவளை ஒன்று கிரீடத்தில் ஏறி உட்கார்ந்தே வந்தது.

"என் தண்ணீரைத் திருடியது யார்?" என்று கத்தினார்.

தளவாய் மல்லப்பர் குழியைக் காட்டினார். "இவன்தான் பிரபு! கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்."

"திருடனைச் சிறையில் போடு!"

குழியைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? அதன்மேல் ஒரு பாறாங்கல்லை இறக்கினார் தளவாய். கல்லில் இரும்புச் சங்கிலி பூட்டி, அதன் மறுமுனையைக் கரை மேட்டில் கட்டினார். பக்கத்தில் ஈட்டியோடு காவலும் போட்டார்.

ஐப்பசி வந்தது. மழை கொட்டியது. ஏரி போக வழியில்லாமல் வயலுக்குள் வந்தது. பிறகு வீட்டுக்குள்ளும் வந்தது. ஜனங்கள் ஆடுமாடுகளோடு குன்றில் ஏறி ஒண்டினார்கள். அவர்களுக்காகப் பூவாயி என்ற குடியானவப் பெண் சபைக்கு வந்தாள்.

"சாமி, என் அடுப்புக்குள்ள கெளுத்தி முட்டை போட்டிருக்கு. எருமை கூரை மேல நின்னு கூரையைத் தின்னுது. நெல்லு அழுகுது. பக்கத்து வீட்டுச் சுவரு நேத்து விழுந்துபோச்சு, நல்லவேளை ஆளு தப்பிச்சுது. அந்தக் கல்லை எடுக்கச் சொல்லுங்க."

"எடுக்கவே கூடாது பிரபு," என்றார் தளவாய். "திருடனை விடுதலை செய்தால் சட்டம் சிரிக்கும்."

மன்னருக்குப் பூவாயி மேல் இரக்கம்தான். ஆனால் கொடுத்த தீர்ப்பை எப்படி விழுங்குவது? அவைப்புலவர் வேம்பனைப் பார்த்தார்.

"வேம்பா, திருடனுக்கு விடுதலை கிடையாது. ஆனால் ஊர் காய வேண்டும். அமாவாசைக்குள் வழி சொல். இல்லையென்றால் நீயும் குன்றில் எருமையோடு குடியிரு."

தளவாய் மீசைக்குள் சிரித்தார்.

வேம்பன் கைகட்டி நின்றான். "ஒரே ஒரு சந்தேகம் பிரபு. நம் சிறையில் இருக்கும் கைதிக்குத் தண்ணீர் உண்டா?"

"என்ன கேள்வி இது? கொலைகாரனுக்கும் உண்டு. கேட்ட தண்ணீரைக் கொடுக்காதவனுக்குச் சவுக்கடி!"

"எவ்வளவு கொடுக்கலாம்?"

"தாகம் தீரும்வரை கொடு! நான் என்ன அரக்கனா?"

"உத்தரவு," என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேம்பன் நேராக யானைக் கொட்டிலுக்குப் போனான்.

மேட்டில் கட்டியிருந்த சங்கிலியை யானை இழுத்தது. கல் நகர்ந்தது. 'களக் களக்'கென்று ஏரி சுழல ஆரம்பித்தது. பொழுது சாய்வதற்குள் பூவாயி வீட்டு வாசற்படி தலைகாட்டியது. எருமை கூரையிலிருந்து இறங்க மனமில்லாமல் நின்றது.

தளவாய் அரண்மனைக்கு ஓடினார். "மோசம் பிரபு! வேம்பன் கைதியை விட்டுவிட்டான்!"

மன்னர் கண் சிவக்க ஏரிக்கரைக்கு வந்தார். "வேம்பா! எங்கே என் கைதி?"

"இதோ இருக்கிறான் பிரபு. ஓர் அடிகூட நகரவில்லை. தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறான். பாவம், தாகம் தீரவில்லை."

"புளுகு!" என்று பாய்ந்தார் தளவாய். "குழிக்கு வாய் ஏது? வாய் இல்லாதது எப்படி ஐயா தண்ணீர் குடிக்கும்?"

வேம்பன் நிதானமாகத் திரும்பினான். "கை இல்லாதது எப்படித் திருடியதோ, அப்படித்தான் தளவாய் அவர்களே!"

மன்னர் முதலில் உதட்டைக் கடித்தார். அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கரையில் நின்ற பூவாயியும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து வேம்பனுக்குப் போர்த்தினார் மன்னர். தளவாய்க்கும் அன்றே புதுப் பதவி கிடைத்தது. மழைக்காலம் முழுக்கக் கைதிக்குத் தண்ணீர் காட்டி, கோடையில் மூடி வைக்கும் சிறைக்காவலர் வேலை. குடியிருப்பு, அந்தக் குழியோரத்திலேயே.