குமிழி வராத ட்யூப்

மலையடிவாரத்து மடத்துக்கு ஒரே ஒரு சைக்கிள்தான். அன்று காலை அதன் பின்சக்கரம் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. பால் வாங்கப் போக வேண்டிய திருமேனியோ அதைக் கண்டுகொள்ளாமல் வடிவம்மையின் முன்னால் வந்து நின்றார்.

திருமேனிக்கு வயது ஐம்பத்தெட்டு. மடத்தை நடத்தும் வடிவம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் குரு குருதானே? அவருக்கு இவர் அம்மா, இவருக்கு அவர் ஐயா.

"அம்மா, ஒரு கேள்வி."

"பால் வந்தப்புறம் கேக்கக் கூடாதா ஐயா?"

"அவசரம்மா. நாளைக்குக் காலையில அண்ணன் மகளுக்குக் கல்யாணம். சித்தப்பா வராம மணையில உக்கார மாட்டேன்னு செண்பகம் போன்ல அழுவுது. நான் போகணுமா?"

அண்ணன் வீடு பக்கத்து ஊர்தான். ஆனால் திருமேனி அந்தத் திசையில் தலைவைத்துப் படுத்ததில்லை. அப்பா இறந்தபோது அவர் பிலாய் இரும்பாலையில் வேலையிலிருந்தார். அடித்துப் பிடித்து ரயிலேறி வந்து சேர்வதற்குள் அண்ணன் எல்லாக் காரியத்தையும் முடித்துவிட்டார். அப்பாவின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அன்றைக்கு நின்ற பேச்சுதான்.

"போறதுல என்ன கஷ்டம்?"

"கஷ்டமே இல்லம்மா. அண்ணன்மேல எனக்குத் துளிகூடக் கோபம் கிடையாது. மடத்துக்கு வந்ததுலேர்ந்து ஒரு நாள்கூட வந்ததில்ல. இல்லாத கோபத்துக்கு எதுக்கு சமாதானம்?"

சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றார். பரீட்சையில் முதல் வகுப்பில் தேறியவர் முகம்தான்.

"ரொம்ப சந்தோஷம். முதல்ல பஞ்சரைப் பாருங்க" என்றார் வடிவம்மை.

இரும்பாலையில் மலை மலையான இயந்திரங்களோடு மல்லுக்கட்டியவருக்கு ஒரு பஞ்சர் எம்மாத்திரம்? கரண்டிக் காம்பால் டயரை நெம்பினார். ட்யூபை உருவினார். காற்றில்லாமல் தொளதொளவென்று கிடந்த அதை அண்டாத் தண்ணீரில் அங்குலம் அங்குலமாக முக்கிப் பார்த்தார். தண்ணீர் அசையவே இல்லை.

"அம்மா! ஒரு குமிழிகூட வரல. ட்யூப்ல ஓட்டையே கிடையாது. யாரோ காத்தைப் பிடுங்கி விட்டிருக்காங்க!"

"அப்படியா? மாட்டிட்டுக் கிளம்புங்க."

மாட்டினார். காற்றடித்தார். பால் தூக்கைக் கைப்பிடியில் தொங்கவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டு கிளம்பினார்.

போனவர் திரும்பி வரும்போது பாட்டும் இல்லை, காற்றும் இல்லை. பால் சொசைட்டியிலிருந்து மடம் வரை சைக்கிள்தான் அவரை இழுத்தடித்தது. வியர்வை சொட்டச் சொட்ட வந்து நின்றவரை வடிவம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓட்டைதான் இல்லையே ஐயா?"

"அதாம்மா எனக்கும் புரியல."

வடிவம்மை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். ட்யூபை உருவி, அது மலைப்பாம்பு மாதிரி புடைக்கும்வரை காற்றடித்தார். பிறகுதான் தண்ணீரில் முக்கினார்.

புளு புளு என்று குமிழிகள் கிளம்பின.

வடிவம்மைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! ஈரக் கையோடு படபடவென்று தட்டினார். திருமேனியின் சட்டையெல்லாம் தண்ணீர்.

"வந்துருச்சு! வந்துருச்சு! விரலை வைங்க ஐயா. வச்ச விரலை எடுக்காதீங்க. எடுத்தா மறுபடியும் முதல்லேர்ந்து தேடணும்."

திருமேனி விரலை அழுத்திக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருந்தார். வடிவம்மை டயரின் உட்புறத்தைத் தடவி ஒரு வேலிக்காத்தான் முள்ளைப் பிடுங்கி எறிந்தார். ட்யூபைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை ஊதிக்கொண்டே இருந்து, ஒட்டுத் துண்டை வைத்து அழுத்தினார்.

"அம்மா, என் கேள்வி?"

"சக்கரம் சரியாயிடுச்சு. மத்தியானமே அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வாங்க. கோபம்தான் இல்லையே, பயம் என்ன?"

போனார். பொழுது சாயும் நேரத்தில் திரும்பி வந்தார். சக்கரம் கல்லு மாதிரி இருந்தது. ஆள்தான் ஆடிக்கொண்டிருந்தார். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு நேரே வடிவம்மையிடம் வந்தார்.

"அம்மா! எல்லாம் போச்சும்மா. கோபம் வந்துருச்சு!"

வடிவம்மை துள்ளி எழுந்தார். படபடவென்று கை தட்டினார்.

"வந்துருச்சா? எங்கே? எந்த இடத்துல?"

திருமேனி திகைத்துப்போனார். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால் இந்த அம்மா கை தட்டுகிறதே! ஆனாலும் கேட்ட கேள்வியை யோசித்தார்.

"வாசல்ல இறங்கினப்போ வரல. அண்ணன் ஓடி வந்து கையைப் பிடிச்சாரு, அப்பவும் வரல. 'வாடா தம்பி, எல்லாரும் சாப்பிட்டாச்சு, நான் மட்டும் உனக்காக இலை போட்டு வச்சுக் காத்துக்கிட்டிருக்கேன்'னாரு. அங்கதாம்மா. சோத்துக்குக் காத்திருக்கத் தெரிஞ்ச மனுஷன், அன்னைக்கு அப்பாவை வச்சுக்கிட்டு எனக்காக ஒரு ராத்திரி காத்திருக்கக் கூடாதா?"

இத்தனை வருஷத்தில் அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு அவருக்கே நெஞ்சு லேசாகிவிட்டது.

"அண்ணன்கிட்ட இதைக் கேட்டீங்களா?"

"இல்லம்மா. இலையில கைகூட வைக்கல. சைக்கிளை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

"அவர் சாப்பிட்டிருப்பாரா?"

திருமேனி திரும்பிச் சைக்கிளைப் பார்த்தார். பிடிவாதத்தில் அண்ணனுக்கும் தம்பிக்கும் வித்தியாசம் கிடையாது. அது அவருக்குத் தெரியும்.

வடிவம்மை சைக்கிளைத் திருப்பி, வந்த வழியைப் பார்த்து நிறுத்தினார். குனிந்து பின்சக்கரத்தை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வச்ச விரலை எடுக்காதீங்க ஐயா. அப்படியே போங்க."