மின் சிம்மாசனமும் ஒரு கை ரசமும்

மேழிநாட்டில் மன்னரும் இருந்தார், மின்சாரமும் இருந்தது. இரண்டில் எது அதிக ஆபத்து என்று கேட்டால் பதில் சொல்ல நான் தயார். முதலில் கதையைக் கேளுங்கள்.

மன்னர் அடலேறு வர்மருக்குத் தீராத முதுகுவலி. அதற்காக வடிவு என்ற பெண் மின்சாரத்தில் இயங்கும் சிம்மாசனம் ஒன்று செய்து கொடுத்தாள். கைப்பிடியில் பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் முதுகு சாயும், மற்றொன்றை அழுத்தினால் நிமிரும். விரல் பொத்தானில் இருக்கும்வரைதான் அசையும். விரலை எடுத்தால் நின்றுவிடும்.

மந்திரி திருமேனிநாதர் முகம் சுளித்தார்.

“அழுத்திக்கொண்டே இருப்பதா? மன்னர் என்ன மாவா அரைக்கிறார்? ஒரு தடவை தொட்டால் முழுக்கச் சாய வேண்டும். மாற்று!”

“ஆபத்து ஐயா. நடுவில் நிறுத்த முடியாது.”

“நிறுத்துவது இரண்டாவது ஆணை. நம் மன்னர் ஆணையிட்டால் ஒரே முறைதான்!”

மாற்றினாள். வேறென்ன செய்வாள்?

மறுவாரம் அண்டை நாட்டுத் தூதர் வந்தார். மன்னர் கம்பீரமாக வெற்றிலைப் பெட்டியைக் கைப்பிடிமேல் வைத்தார். பெட்டியின் மூலை பொத்தானில் பட்டது. அவ்வளவுதான். முதுகு பின்னால் போனது, கால்கள் மேலே வந்தன. “ஏய்! ஏய்!” என்றார் மன்னர். சிம்மாசனம் அதைப் பொருட்படுத்தவில்லை. கடைசியில் தூதர் கண்ணுக்குத் தெரிந்தவை இரண்டு உள்ளங்கால்கள் மட்டுமே. நல்ல மனிதர். அவற்றுக்கே ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

நான்கு பேர் சேர்ந்து மன்னரை இழுத்து வெளியே எடுத்தார்கள். அவர் மேழிநாட்டு வழக்கப்படி வலக்கையை நீட்டி ஆணையிட்டார்:

“இதைச் செய்தவளின் கட்டைவிரலை வெட்டுங்கள்!”

கவனியுங்கள். மாற்றச் சொன்னவர் விரலை இல்லை, செய்தவள் விரலை. மந்திரியின் பத்து விரல்களும் மோதிரங்களோடு பத்திரம். இதற்குப் பெயர் நீதியாம்!

காவலன் கத்தியை உருவிக்கொண்டு, அவையில் நின்ற வடிவை நெருங்கினான். அவையில் விகடம் சொல்லும் இசக்கியம்மை எழுந்தாள்.

“மன்னா, உலுக்கின உடம்பு. முதலில் ஒரு கை மிளகு ரசம் குடியுங்கள். விரல் எங்கே ஓடிவிடப் போகிறது? மந்திரியாரும் குடிக்கட்டும்.”

ரசம் என்றால் மன்னருக்கு உயிர். தலையசைத்தார். இளஞ்சூட்டில் இரண்டு சட்டி வந்தது. இசக்கியம்மையே ஒன்றைக் கையில் எடுத்தாள்.

மந்திரி முந்திக்கொண்டு கைகளைக் குவித்தார். “ம், ஊற்று.”

ஊற்றினாள். கை நிறைந்தது. மந்திரி குடிக்கக் கையை வாய்க்குக் கொண்டுபோனார். இசக்கியம்மை நிறுத்தவில்லை. ரசம் தாடியில் இறங்கியது, பட்டு அங்கவஸ்திரத்தில் ஓடியது, மடியில் குளம் கட்டியது.

“நிறுத்து! நிறுத்தடி!”

“இரண்டாவது ஆணையா ஐயா? நம் நாட்டில்தான் அது கிடையாதே!”

சட்டி காலியாகும்வரை ஊற்றினாள். காதுக்குப் பின்னால் கொத்தமல்லித் தழையோடு உட்கார்ந்திருந்தார் மந்திரி. மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“எனக்கு ஊற்று, பார்ப்போம்!” என்று கைகளைக் குவித்தார்.

ஊற்றினாள். மன்னர் கையை வாய்க்குக் கொண்டுபோனதும் சட்டென்று நிறுத்தினாள்.

“ஏன் நிறுத்தினாய்? நான் போதும் என்று சொல்லவில்லையே?”

“கையை எடுத்தீர்களே மன்னா. பந்தியில் கை இருந்தால் ஊற்றுவோம், எடுத்தால் நிறுத்துவோம். இதில் இரண்டாவது ஆணை எங்கே வந்தது? வடிவு முதலில் செய்த பொத்தானும் இதைத்தானே செய்தது?”

மந்திரி சொட்டச் சொட்ட எழுந்தார். “வெற்றிலைப் பெட்டி அதன்மேலேயே கிடந்தால்? பெட்டி தானாகக் கையை எடுக்குமா?”

நியாயமான கேள்விதான், ஒப்புக்கொள்கிறேன். வடிவும் ஒப்புக்கொண்டாள்.

“இதை அன்றைக்கே கேட்டிருக்கலாம் ஐயா. கைப்பிடிக்கு மேலே ஒரு பொத்தான், அடியில் ஒரு பொத்தான் வைக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் ஆசனம் அசையும். எதை விட்டாலும் நிற்கும். வெற்றிலைப் பெட்டிக்குக் கட்டைவிரல் கிடையாது.”

“பிரமாதம்!” என்றார் மன்னர். “உடனே செய்!”

“செய்கிறேன் மன்னா. எனக்குக் கட்டைவிரல் இருந்தால்.”

மன்னரின் முகம் வாடியது.

“ஆணையிட்டாயிற்றே, இசக்கி. அதை நிறுத்த இன்னோர் ஆணை இட முடியாதே.”

“இட வேண்டாம் மன்னா. கையை நீட்டித்தானே விரலை வெட்டச் சொன்னீர்கள்? இப்போது அந்தக் கை எங்கே?”

எல்லோரும் பார்த்தார்கள். மன்னரின் வலக்கை அவர் வாய்க்குள் இருந்தது. கடைசிச் சொட்டு ரசத்தை நக்கிக்கொண்டிருந்தார்.

காவலன் கத்தியை உறையில் போட்டான். மன்னர் சிரித்த சிரிப்பில் மணிமுடி உருண்டு ரசச் சட்டிக்குள் விழுந்தது. இசக்கியம்மைக்கு முத்துமாலை. வடிவுக்கு அரண்மனையில் தனிப் பட்டறை. புதிய பொத்தான் தயாராகும்வரை பழைய சிம்மாசனத்தில் உட்காரும் பெருமை மந்திரிக்கு, வெற்றிலைப் பெட்டி சகிதம்.

அதற்குப் பிறகு மேழிநாட்டில் ஆணைகளே வெகுவாகக் குறைந்துவிட்டனவாம். பின்னே, ஒரு மனிதர் எவ்வளவு நேரம்தான் கையை நீட்டிக்கொண்டே இருப்பார்?