மூங்கில் புதருக்குள் போன பந்து

மலைமேல் இருந்த ஒரு காட்டில், மனிதர்கள் கைவிட்டுப் போன கோல்ஃப் மைதானம் ஒன்று கிடந்தது. போனவர்கள் சில மட்டைகளையும் ஏழு பந்துகளையும் விட்டுப் போயிருந்தார்கள். வெகுநாள் வேடிக்கை பார்த்திருந்த விலங்குகள் அந்த ஆட்டத்தைத் தாங்களே ஆடத் தொடங்கின.

பந்துகள் ஏழே என்பதால் ஒரு விதி வைத்தன. பந்து எங்கே விழுந்தாலும், அடித்தவரே போய் எடுத்து வர வேண்டும். காட்டெருமைதான் நடுவர். அதனிடம் கெஞ்சிப் பயனில்லை.

மைதானத்தின் வலப்பக்கம் நெடுக மூங்கில் புதர். பகலில் சிறுத்தை அதற்குள்தான் படுத்திருக்கும். சென்ற மாதம் முயல் அடித்த பந்து உள்ளே போனது. முயல் எடுக்கப் போனது. அடுத்த வாரம் சருகுமான் போனது. இப்போது பந்துகள் ஐந்து.

அந்த ஆண்டு மழை பெய்யவில்லை. காட்டில் காய்த்துப் பழுத்தது ஒரே ஓர் அத்திமரம். அது கடைசிக் குழிக்குப் பக்கத்தில் நின்றது. கூட்டம் முட்டி மோதக் கூடாது என்று, ஆட்டத்தை ஆடி முடிப்பவருக்கே பழம் என்று காட்டெருமை சொல்லிவிட்டது. ஒட்டிய வயிற்றோடு ஆட்டம் கற்க வந்தது ஒரு கருங்குரங்கு.

குட்டை மட்டை அதற்குப் பத்தே நாளில் பழகிவிட்டது. ஆனால் கடைசிக் குழிக்கு முன்னால் ஆழமான பள்ளம் ஒன்று இருந்தது. நீள மட்டையால் அடித்தால்தான் பந்து அதைத் தாண்டும். கருங்குரங்கு நீள மட்டையை எடுத்தாலோ, பந்து நேராகக் கிளம்பி, பாதி வழியில் வலப்பக்கம் வளைந்து போனது. வெறும் புல்மேட்டில் பழகும்போதே இப்படி. மூங்கில் புதரை நினைத்து அது மட்டையைக் கீழே வைத்தது.

அப்போது நரி வந்தது. தான் பலருக்குக் கற்றுக்கொடுத்த அனுபவசாலி என்றது. மட்டை நீளமாக இருப்பதால் நழுவாமல் இறுக்கிப் பிடிக்க வேண்டும், பந்தை ஒட்டி நிற்க வேண்டும், உடம்பில் உள்ள பலம் முழுவதையும் போட்டு அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது.

"எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று, தம்பி. மூங்கில் புதர் மேல் எப்போதும் ஒரு கண் இருக்கட்டும். மறந்தாய் என்றால் போச்சு."

கருங்குரங்கு அப்படியே செய்தது. பந்து முன்னைவிட அதிகமாக வளைந்தது. இன்னும் இறுக்கிப் பிடி, இன்னும் ஓங்கி அடி என்றது நரி. நாள் முழுக்க அடித்துக் கருங்குரங்கின் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

மரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மலையணிலுக்குச் சிரிப்பு வந்தது. நரி போன பிறகு அது கீழே இறங்கியது.

"மாப்பிள்ளை, முயலுக்கு யார் வாத்தியார் தெரியுமா? இவர்தான். சருகுமானுக்கும் இவர்தான். சிறுத்தை தின்று மிஞ்சியதை யார் தின்றது என்று நினைக்கிறாய்?"

கருங்குரங்கு நரி போன பக்கம் பார்த்தது. ஓடிவிடலாம் என்று நினைத்தது. ஆனால் அது சாப்பிட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. ஓடினால் பசியால் சாக வேண்டும்.

மறுநாள் காலை எல்லா விலங்குகளும் கூடின. கருங்குரங்கு ஒவ்வொரு குழியாக முடித்துக் கடைசி இடத்துக்கு வந்தது. நீள மட்டையைக் கையில் எடுத்தது. எடுத்தபடியே நரியிடம் நீட்டியது.

"அண்ணே, எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் ஒருமுறை அடித்துக் காட்டுங்கள். பார்த்து அடிக்கிறேன்."

நரி தனக்குக் கால் வலி என்றது. கற்றுக்கொடுப்பவர் ஆடுவது வழக்கமில்லை என்றது. மலையணில் மேலிருந்து, வாத்தியாருக்கு ஆடத் தெரியாதோ என்று கேட்டது. எல்லா விலங்குகளும் நரியைப் பார்த்தன. வேறு வழியில்லாமல் அது மட்டையை வாங்கியது.

நகம் மட்டையில் பதியும்படி இறுக்கிப் பிடித்தது. பந்தை ஒட்டி நின்றது. அதன் கண் மூங்கில் புதரைவிட்டு நகரவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி அடித்தது.

பந்து வலப்பக்கம் வளைந்தது. மூங்கில் இலைகள் ஒருமுறை அசைந்தன.

"இது அவனுடைய பந்து," என்றது நரி.

"அடித்தது யார்?" என்று கேட்டது காட்டெருமை.

காட்டெருமை கொம்பைத் தாழ்த்தி ஓர் அடி முன்னால் வந்தது. நரி வாலைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு நடந்தது. புதரின் ஓரத்தில் நின்று திரும்பிப் பார்த்தது. பிறகு உள்ளே போனது. சருகுகள் கொஞ்ச நேரம் சரசரத்தன. அப்புறம் அந்தச் சத்தமும் நின்றது.

"அடுத்தது நீ," என்றது காட்டெருமை.

கருங்குரங்கு வேறு பந்து ஒன்றை வைத்து மட்டையை எடுத்தது. நரி அடித்ததை அது நன்றாகப் பார்த்திருந்தது. இத்தனை நாளும் தான் அடித்தது அப்படித்தான் என்று அதற்குப் புரிந்தது. பந்தைவிட்டு அரை அடி தள்ளி நின்றது. காட்டுக்கொடியைப் பிடிப்பதுபோல மட்டையைத் தளர்வாகப் பிடித்தது. நீளம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்று, குட்டை மட்டையை வீசும் அதே வேகத்தில் நிதானமாக வீசியது. புதர்ப் பக்கம் பார்க்கவில்லை. பந்தை மட்டும் பார்த்தது.

பந்து பள்ளத்தைத் தாண்டி நேராகப் போய் விழுந்தது.

கருங்குரங்கு அப்போதும் நிமிரவில்லை. பந்து இருந்த இடத்துப் புல்லையே வெறித்துக்கொண்டு நின்றது.

"நிமிர்ந்து பார்," என்றது காட்டெருமை. "பந்து அந்தப் பக்கம் கிடக்கிறது. மிச்சத்தைக் குட்டை மட்டையால் முடித்துவிட்டுச் சாப்பிடப் போ."

நீதி: நாம் தவறினால் யாருக்கு வயிறு நிறையுமோ, அவரிடம் பாடம் கேட்கக் கூடாது.